டி டிரைவில் தங்கராசு

அக். 8, 2008. புதன்

காலையில் தூறல், ஒன்பதுக்கு மேல் வெயில். ஆயுத பூஜை.

வாங்கியது: பொரி, கடலை, பூசணிக்காய் சின்னது ஒன்று, சந்தனம், கதம்பம் நாலு முழம், வாழைக்கன்று இரண்டு. சாம்பிராணி மறந்துபோனேன். அதற்கு வீட்டுக்காரி கனகாவிடம் அரை மணி நேரம் திட்டு. (இனிமேல் க. பெயரை முழுதாக எழுதினால் எட்டிப் பார்க்கிறாள்.)

மின்வெட்டு ஆறிலிருந்து எட்டு. இதையும் இனி மி.வெ. தினம் முழுதாக எழுத மை வீண்.

ஸ்டூடியோவைக் கழுவியாயிற்று. கேமரா, லைட், பிரிண்டர் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் போன மாதக் கல்யாணப் படங்களை டி டிரைவில் ஏற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு ராகுகாலம். பதினொன்று ஐம்பதுக்குத் தட்டோடு க. வந்து நிற்கிறாள். பூஜையில் வைக்கிற சாமான் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, அடங்கி இருக்க வேண்டும். ஷட் டவுன் கொடுத்தேன். சேமிக்கிறேன், சேமிக்கிறேன் என்று அதே திரை. க. கடிகாரத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். பொறுமை போய்விட்டது. ஒயரைப் பிடுங்கினேன். உடனே அடங்கியது.

மூன்று விரலால் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். பூசணிக்காய் முதல் அடியிலேயே உடைந்தது. நாளை மறுபூஜை வரை எதையும் தொடக் கூடாது. ஒரு நாளாவது நிம்மதி.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு.

அக். 9, வியாழன்

மேகமூட்டம். குமுளிப் பக்கம் கறுப்பு. விஜயதசமி.

பத்து நாற்பதுக்கு நல்ல நேரத்தில் சுவிட்ச் போட்டேன். நீலத் திரை. வெள்ளை எழுத்துகள். கடைசி வரியில் 0x00000024. அணைத்துப் போட்டேன். நீலம். எட்டாவது தடவையும் நீலம். எட்டு வருஷத்துப் படம் உள்ளே.

தலை நிமிர்ந்தால் வாசலில் ஒரு அம்மா. படி ஏறவில்லை. சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம், தெருவில் நிற்கிறார். பெயர் பாண்டியம்மாள். தங்கராசு சம்சாரம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் டிரைவர் தங்கராசு, எனக்கு முகம் தெரியும். மஞ்சள் காமாலை. தேனி ஆஸ்பத்திரியில் ஒன்றாம் தேதி போய்விட்டாராம். நான் கேள்விப்படவே இல்லை.

கையில் என் ஸ்டூடியோக் கவர். என் கையெழுத்தில் நம்பரும் 2006 ஜூனும். உள்ளே காலி. வளைகுடா டிரைவர் வேலைக்கென்று எடுத்த படம், எட்டுப் பிரதியையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். ஏஜெண்டும் இல்லை, படமும் இல்லை.

“அவுக படம் வேற ஒண்ணுமே இல்லண்ணே. கல்யாணத்துக்கும் எடுக்கல. உங்க மிஷினுல எப்பயும் இருக்கும்னு அவுகளே சொல்லியிருக்காக.”

அடுத்த வியாழன் பதினாறாம் நாள். கருமாதிக்குள் படம் வேண்டும். இறந்தவர் படம் வைத்து, மாலை போட்டு, பிள்ளையை விழுந்து கும்பிடச் சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை அவர்.

மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்றேன். எதிர் டீக்கடை ராசேந்திரன் அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. டீ ஆற்றிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல: “பதினாறு கழியாத பொம்பள, விசயதசமியும் அதுவுமா வந்து நின்னா மிஷினு எப்படி எந்திரிக்கும்?”

அந்த அம்மா முகம் அப்படியே சுருங்கிவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

நீலத் திரை முதலில். அவர் வந்தது பிறகு. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக். 10, வெள்ளி

தூறல். மி.வெ. எட்டிலிருந்து பத்து, மறுபடி ரெண்டிலிருந்து நாலு.

சி.பி.யு.வைத் திறந்தேன். ஃபேன் மேலே சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நானேதான் அப்பியது. இதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, ஊதி, மாட்டிப் போட்டால் நீலம்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிக் கம்பத்துக்கு எடுத்துப் போனேன். பிரபாகர், கம்ப்யூட்டர் சர்வீஸ். அவன் மிஷினில் மாட்டினான். அவன் மிஷினும் நீலம்! துள்ளி எழுந்து ஒயரை உருவினான். “என் மிஷினையும் சேத்து சாகடிக்கவா கொண்டாந்த?” வேறொரு மிஷின், அதுவும் அப்படியே. விண்டோஸ் இந்த டிஸ்கைப் பார்த்தாலே மயங்கி விழுகிறது. ஃபார்மெட் போடு, புதுசாக விண்டோஸ் ஏற்று, அரை மணி நேர வேலை என்கிறான். படம்? அது போச்சு என்கிறான், எச்சில் துப்புவது மாதிரி.

சி.டி.யில் ஏற்றி வைத்திருக்கிறேனா என்று கேட்டான். 2005 டிசம்பர் வரை இருக்கிறது. அப்புறம் ரைட்டர் கெட்டுப்போயிற்று. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மூன்று வருஷம். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் இல்லாதபோது பாண்டியம்மாள் வந்து க.விடம் வாக்காளர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், இதிலிருந்து பெரிசு பண்ண முடியுமா என்று. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூக்கு மாதிரி ஒன்று, மீசை மாதிரி ஒன்று. தங்கராசுவாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. அந்தம்மா காலடி பட்டு மிஷின் போச்சாமே என்று பால்காரர் கேட்கிறார். வைரஸ் என்றேன். க. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

அக். 11, சனி

நல்ல மழை.

ஷாஜி சார் ஞாபகம் வந்தது. குமுளியில் பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நடத்துகிறார். படம் பிரிண்ட் போட இறங்கி என்னிடம்தான் வருவார். போன் போட்டேன். நீலம், நம்பர், எல்லாம் சொன்னேன். சிரிக்கிறார் மனுஷன். விண்டோஸ் மிரளும், லினக்ஸ் மிரளாது, ஏறி வாங்க, சி.டி. தருகிறேன் என்றார். அவர்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாமே லினக்ஸாம்.

பஸ். லோயர் கேம்ப் தாண்டியதும் பனிமூட்டம். கண்ணாடி போட்ட ஆளுக்குக் கண்ணாடியைத் துடைப்பதே வேலை. அவர் வீட்டில் பால் இல்லாத கட்டன் சாயா, கப்பைக் கிழங்கு. பல் வலியோடு கப்பையை மென்றது தனிக் கொடுமை.

சி.டி.யைப் போட்டால் டிஸ்க் இல்லாமலே மிஷின் எழுந்திருக்குமாம். அப்புறம் கறுப்புத் திரையில் டைப் அடிக்க வேண்டும். மவுஸ் வேண்டாமா என்று கேட்டேன். “பேடிக்கண்டா அண்ணா”, பயப்பட வேண்டாம் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். ஞாயிறு கோட்டயத்தில் கல்யாணம், திங்கள் ராத்திரிதான் திரும்புவாராம். மலைக்குள் போனால் போன் கிடைக்காது. எனக்கென்று வாய்க்கிறது.

அக். 12, ஞாயிறு

மழை விட்டு விட்டு. மி.வெ. பன்னிரண்டிலிருந்து ரெண்டு.

கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கி, ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டி உட்கார்ந்தேன்.

சி.டி. கிளம்பவே பத்து நிமிடம். கறுப்புத் திரை வந்தது. தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக:

mount -t ntfs-3g /dev/sda2 /mnt/padam

ரூட் மட்டும்தான் இதைச் செய்யலாம் என்கிறது. யாருய்யா ரூட்? தாளில் முன்னால் sudo என்று இருக்கிறது, நான்தான் விட்டுவிட்டேன். போட்டேன். padam என்று ஓர் இடமே இல்லை என்கிறது. சரி, அந்த இடத்தை முதலில் உண்டாக்க வேண்டுமாம், அது மூன்றாவது வரி. உண்டாக்கினேன். இப்போது, என்ன வகை டிஸ்க் என்றே தெரியவில்லை என்கிறது. வகையைத்தானே எழுதியிருக்கிறேன் கண்ணெதிரே!

விண்டோஸில் சி, டி என்று அடையாளம் இருக்கும். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. sda1, sda2 என்று நம்பர். சி ஒன்று என்றால் டி ரெண்டு என்று நானாக முடிவு செய்தது. முதல் வரியைப் போட்டுப் பட்டியலைப் பார்த்தேன். ரெண்டு என்பது வெறும் உறையாம். அதற்குள் இருப்பது sda5. மூன்றும் நாலும் எங்கே போயின என்று கேட்கக் கூடாது போலிருக்கிறது. ஆனால் அஞ்சின் அளவு என் டி டிரைவ் அளவேதான். நானே கண்டுபிடித்தேன்! க.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னத்தைக் காட்டுறீங்க, ஒண்ணுமே இல்லையே என்றாள்.

sda5 அடித்து, எண்டர் தட்டப் போகும்போது மி.வெ. யு.பி.எஸ். மூன்று நிமிடம் கத்திவிட்டுச் செத்தது. சி.டி.யில் ஓடுகிற லினக்ஸுக்கு ஞாபகம் கிடையாது. ரெண்டு மணிக்குப் பிறகு எல்லாம் முதலிலிருந்து.

ரெண்டே முக்காலுக்கு sda5. எண்டர். நாலைந்து வரி வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். என் தமிழில்:

இந்த டிஸ்க் ஒழுங்காக மூடப்படவில்லை. இன்னும் உபயோகத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திறக்க மாட்டேன். வழி ஒன்று: விண்டோஸுக்குப் போய் முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு வா. வழி ரெண்டு: force என்று சேர்த்து அடி, உன் சொந்தப் பொறுப்பில்.

விண்டோஸ் எழுந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், மடையா.

ஆனால் முதல் வரி. மூன்று நாலு தடவை படித்தேன். சந்தனம் இல்லை, வைரஸ் இல்லை, பாண்டியம்மாள் இல்லை. ஒழுங்காக மூடவில்லை. புதன்கிழமை பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஒயரைப் பிடுங்கினது அதில் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் அடிக்கக் கை வரவில்லை. மூடிவிட்டேன்.

அக். 13, திங்கள்

வெயில். புழுக்கம்.

ஷாஜிக்கு ஆறு தடவை போன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

பத்தரைக்குப் பாண்டியம்மாள். இன்று இன்னும் தள்ளி, டிரான்ஸ்பார்மர் கிட்டே நிற்கிறார். நானே இறங்கிப் போனேன். எப்படியும் எடுத்துவிடலாம், இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராசேந்திரன் அண்ணன் கெட்டவர் இல்லை. அந்த வீட்டுக்கு அரிசி கொடுத்தது அவர்தான் என்று க. சொல்கிறாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. “ஆத்தா, பதினாறு முடியட்டும். அதுக்குப் பெறகு வந்தா அந்தத் தம்பி மிஷினும் தன்னால சரியாப் போகும். நீ இங்கன வந்து நிக்க நிக்க அதுக்கும் சங்கடம்ல.”

“என் நேரம்ண்ணே” என்றார் அந்த அம்மா. சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒத்துக்கொண்டார்.

நான் கீ போர்டு துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஐப்பசியில் நாலு கல்யாணம் பேசியிருக்கிறது. மிஷினை அணைக்கத் தெரியாத போட்டோக்காரனை யார் கூப்பிடுவார்கள்? இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே க.: “அந்தப் பொம்பள மேல பழி விழுந்துக்கிட்டிருக்கு. நீங்க புடுங்குனத நான் பாத்தேன்ல. நேரமாச்சுன்னு முடுக்குனதும் நான்தேன். நானும் வாயத் தொறக்கல. அதையும் சேத்துத்தேன் சொல்றேன்.”

படம் கிடைக்கட்டும், சொல்கிறேன் என்றேன். படம் கிடைக்காவிட்டால் என்று கேட்டாள். ரசத்துக்கு உப்பு இல்லை. உப்பைக்கூடக் கேட்கவில்லை.

அக். 14, செவ்வாய்

மி.வெ. ஆறிலிருந்து எட்டு. அதற்குப் பிறகு கரண்ட் இருக்கும் நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டேன்: எட்டிலிருந்து பன்னிரண்டு. அதற்குள் முடிக்க வேண்டும்.

ஒன்பதே கால். சி.டி., கறுப்புத் திரை, இடம் உண்டாக்கு, எல்லாம் இப்போது தாள் பார்க்காமலே வருகிறது. வாழ்க்கையில் இதற்கா படித்தேன்.

force வரை அடித்துவிட்டேன். எண்டர் மேல் விரல். சொந்தப் பொறுப்பில் என்கிறது. சி.டி.யில் ஏறாத மூன்று வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் போனால் என் பொறுப்பு. அது போகட்டும், பிரதியாவது வீட்டுக்கு வீடு இருக்கும். தங்கராசு போனால்? அவர் வேறெங்கும் இல்லை. விரலை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

பதினொன்றுக்கு இன்டர்வெல் இருக்கும் என்று குமுளிக்குப் போன். எடுத்தார்! ஒயரைப் பிடுங்கினது முதல் எல்லாம் சொன்னதும் கத்தினார்: “ஃபோர்ஸ் வேண்டா, வேண்டா! அண்ணா, நமக்கு அதில் ஒண்ணும் எழுதண்டா. வாயிச்சா மதி.”

படித்தால் போதும். பூட்டை உடைத்து உள்ளே போனால் பாதியில் நின்ற வேலையெல்லாம் கலைந்து எது இருக்கும் எது போகும் என்று சொல்ல முடியாதாம். எதையும் தொட மாட்டேன், பார்க்க மட்டும் செய்கிறேன் என்று கேட்டால் விட்டுவிடுமாம். அதற்கு ரெண்டு எழுத்து. -o ro. அவ்வளவுதான். சனிக்கிழமை அந்தத் தாளில் இந்த ரெண்டு எழுத்தை எழுதியிருந்தால் என்ன கேடு என்று கேட்டேன். ஒயரைப் பிடுங்கினதாக நீங்கள் சனிக்கிழமை சொல்லவே இல்லையே என்றார்.

உண்மை. அவரிடமும் மறைத்திருக்கிறேன்.

sudo mount -t ntfs-3g -o ro /dev/sda5 /mnt/padam

எண்டர். ஒன்றும் வரவில்லை. ஒரு வார்த்தை இல்லை. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். லினக்ஸ் திட்டவில்லை என்றால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தமாம், போனிலேயே சொன்னார். ls அடித்தேன். கடகடவென்று என் ஃபோல்டர்கள். 2001 தொடங்கி, நான் வைத்த பெயர்களில், எழுத்துப் பிழையோடு. வாய்விட்டு அழுதேன் என்று எழுதினால் நாளைக்கு நானே சிரிப்பேன். அழுதேன்.

2006, ஜூன். அந்த மாதத்தில் வளைகுடாவுக்கென்று வந்த எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிட்டிருக்கிறேன். கூடலூரில் பாதிப் பேருக்கு அந்தக் கோட்டுதான். தங்கராசுக்கும் மாட்டியிருக்கிறேன். கல்யாண பேண்டுக்காரர் மாதிரி இருக்கிறார். பக்கத்திலேயே மாட்டுவதற்கு முந்திய படமும் இருந்தது. கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறார்.

பென் டிரைவில் ரெண்டையும் எடுத்தேன். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். முறைப்படி மூடினேன். அது தானாக அணைகிற வரை ஒயரைத் தொடவில்லை.

அக். 15, புதன்

காலையில் பளிச்சென்று வெயில். மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது.

எட்டு மணி பஸ்ஸில் கம்பம். கலர் லேபில் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலம், கட்டம் போட்ட சட்டைப் படம். பிரேம். பிரபாகர் கடை வழியாகத்தான் வந்தேன், வேண்டுமென்றே உள்ளே போய்க் காட்டினேன். லினக்ஸா என்று மூக்கைச் சொறிந்தான்.

பதினொன்றரை. பாண்டியம்மாள் வந்து டிரான்ஸ்பார்மர் கிட்டே நின்றார். நாளைக்குக் கருமாதி. பிரேமைப் பேப்பரில் சுற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினேன். டீக்கடையில் ராசேந்திரன் அண்ணனோடு நாலு பேர். எல்லோரும் பார்க்கிறார்கள்.

படத்தைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார். ரொம்ப நேரம். பட்டன் அன்னைக்குத்தான் தெறிச்சிச்சு, தைச்சுத் தாரேன்னேன், நேரமாச்சுன்னு போயிட்டாக என்று முணுமுணுத்தார். வாங்கக் கை நீட்டவில்லை. பிரேமை உங்க வீட்டுக்கார அம்மாகிட்டக் கொடுங்க, அவங்க வந்து வச்சிட்டுப் போகட்டும், என் கை பட வேணாம் என்றார்.

அப்போதுதான் சொன்னேன். டீக்கடைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே: “ஒங்களால ஒண்ணும் ஆகலம்மா. முந்தின நாள் பூசைக்கு நேரமாச்சுன்னு நான்தேன் ஓடிக்கிட்டிருந்த மிஷினுல ஒயரப் புடுங்குனேன். அதுல கெட்டது. நீங்க வாரதுக்கு முந்தியே கெட்டுப்போச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

ராசேந்திரன் அண்ணன் குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தார். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே. ஆறு நாளா எம் மகளுக்கு நான் தலை பின்னி விடல. என் கை ஆகாதுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளகிட்ட அனுப்புனேன். எதுக்கும்மா என்னைத் தொட மாட்டேங்குறன்னு அது தெனம் அழுதுச்சு.”

பிரேமை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். மன்னிச்சிருங்கம்மா என்று எனக்கு வாய் வந்தபோது அவர் தெரு முக்குத் திரும்பிவிட்டார்.